நான்தான் பாஸ்

துருப்பிடித்த ஸ்குரூவைக் கழற்றப் பலம் வேண்டாம். வெட்கங்கெட்ட பொறுமை வேண்டும். ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் பதினோரு வருடம் மெஷின்களைப் பழுது பார்த்துவிட்டு, கண்டிக்குப் பக்கத்து வத்தேகமயில் எங்கள் வீட்டுக் கராஜிலேயே சொந்தமாக வேலை தொடங்கியபோது என் கைமுதல் அந்தப் பொறுமைதான். தையல் மெஷின், தேங்காய் துருவும் மெஷின், தண்ணீர்ப் பம்பு என்று என் மேசைக்கு வருபவை எல்லாம் "புதுசு வாங்குங்க" என்று யாரோ கைவிட்டவை. வீட்டில் ரிப்பேர் பார்க்கும் சகபாடிகளே, உங்கள் நகக்கண்ணிலும் கிரீஸ் இருக்கும் என்ற நம்பிக்கையில் சொல்கிறேன்.

பல்லி

கெலிஓயாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நானா ஒருவர் ஓட்டோவில் தேங்காய் துருவும் மெஷினோடு வந்து இறங்கினார். எங்கள் பக்கம் மேசன், மெக்கானிக் எல்லோருமே 'பாஸ்'தான். "பாஸ் ஈக்கிறாரா?" என்று கேட்டார். "நான்தான் பாஸ்" என்றேன். என் தோளுக்கு மேலால் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். உள்ளே என் கணவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

சுவிட்சைப் போட்டால் மோட்டார் உறுமும், சுற்றாது. தும்புத்தடி விளக்குமாற்றுக் காம்பால் ஒரு தள்ளுத் தள்ளினால்தான் ஓடும். மூன்று மாதமாகக் கடையில் அப்படித்தான் தள்ளியிருக்கிறார்கள். "இத யாரும் தொறக்கல்ல" என்றார். ஸ்குரூத் தலைகள் எல்லாம் மழுங்கிக் கிடந்தன. பிரித்துப் பார்த்தால், மோட்டாரைத் தொடக்கிவிடும் சின்னச் சுவிட்சின் இரண்டு தகடுகளுக்கு நடுவே காய்ந்து கருவாடான ஒரு பல்லி. எடுத்துப் போட்டு, தகடுகளை உரசித் துடைத்து, மூடினேன். தொட்டதும் சுற்றியது. நானா பல்லியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ரெண்டு பாஸ்மாரு தொறந்து பாத்தும் புடிபடல்ல. பல்லி சாஸ்திரம் தெரிஞ்ச ஆளுக்கிட்டத்தான் மொதல்லயே வந்தீக்கணும் தங்கச்சி."

பெயின்ட்

அந்தப் பெருமையில் நான் கொஞ்சம் உயரத்தில்தான் நடந்தேன். அடுத்த வாரமே இறக்கிவிட்டார்கள். ஓய்வுபெற்ற கிளார்க் ஐயா ஒருவர், ஓடையிலிருந்து தன் கறிமிளகாய்த் தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கும் பம்பைக் கொடுத்தார். மழை இல்லாத நாட்கள். செடிகள் தலை தொங்கிவிட்டன என்றார். இரண்டு நாள் அதை அக்கக்காகக் கழற்றி, கழுவி, வாசர் மாற்றி, போதாததற்கு நீலப் பெயின்டும் அடித்துக் கொண்டுபோய்க் குழாயோடு பூட்டினேன். மோட்டார் அழகாக ஓடியது. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.

காது சூடேறிவிட்டது எனக்கு. ஓடைக்குள் இறங்கி, குழாய்த் தண்ணீர் திரும்ப வழியாமல் தடுக்கும் அடி வால்வைத் தூக்கிப் பார்த்தேன். டொஃபி உறை ஒன்று அதை மூடவிடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அரை நிமிட வேலை. தண்ணீர் பாய்ந்தது, செடிகளும் பிழைத்தன. ஐயா மிக மரியாதையாகக் கேட்டார்:

"தண்ணி வாறதுக்குப் பெயின்டும் அவசியமா இருந்திச்சா மகள்?"

தையல் மெஷின்

ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு தங்கச்சி. கொழுந்து பறிக்கும் வேலையை முதுகுவலியால் விட்டுவிட்டு, லயத்து வரிசைவீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் யூனிபோர்ம் தைப்பவள். அரிசிச் சாக்கில் மெஷினைக் கட்டி, இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள். சக்கரம் அசையவே இல்லை. கண்டியில் ஒருவர் "பழைய இரும்புக்குப் போடுங்க" என்றிருக்கிறார். "பன்னெண்டு புள்ளைங்களுக்குத் துணி வெட்டி வச்சிட்டேங்க அக்கா, திங்கக்கிழமை ஸ்கூல் தொறக்குது" என்றாள். அன்று செவ்வாய்.

"என்ன எண்ணெய் போட்டீங்க?" "மெஷின் எண்ணெய்தாங்க." மூடியைத் திறந்ததும் தேங்காயெண்ணெய் மணந்தது. வருடக்கணக்கில் விட்டது உள்ளே இறுகிப் பிசினாகிவிட்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினேன். தலைமுடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டினேன். மறுபடி மண்ணெண்ணெய். புதன் போனது, வியாழன் போனது, அசைவில்லை. சுத்தியலை எடுக்கக் கை துறுதுறுத்தது. வார்ப்பிரும்பு வெடித்துப்போகும் என்று அடக்கிக்கொண்டேன். இதில் தோற்றால் பல்லியைச் சொல்லி எத்தனை நாள் பிழைப்பது? வெள்ளிக்கிழமை மத்தியானம் சக்கரம் ஒரு மயிரிழை நகர்ந்தது. பிறகு கால் சுற்று. நான் போட்ட சத்தத்தில் கணவர் கரண்டியோடு ஓடி வந்தார்.

சனிக்கிழமை அவள் வந்து, தானே உட்கார்ந்து, வெள்ளைத் துணியில் ஒரு நீளத் தையல் ஓட்டினாள். இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"கல்யாணச் சீரா வந்தப்பகூட இது இவ்வளவு அமைதியா இருந்ததில்லீங்க அக்கா. எங்க வீட்டுக்காரரையும் ஒருதடவ கூட்டிக்கிட்டு வரட்டுமா?"

பழைய மெஷின் எதுவும் என்னிடம் இதுவரை பொய் சொன்னதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்கு மட்டும் அந்தச் சான்றிதழைக் கொடுக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.