தோடம்பழ நிறச் சேலை

பிள்ளையள், நேற்று ஹரோவில் எங்கட வீட்டில் உங்கட அக்கா தன் படிப்புக்காக ஒரு பழைய இத்தாலியப் படம் போட்டா. நானும் பக்கத்தில் இருந்து பார்த்தேன். கதை பிடிபடவில்லை, ஆனால் நிறங்கள் கனவு மாதிரி. செத்தவர்களும் இருப்பவர்களும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். பிறகு செம்மஞ்சளாய், தோடம்பழ நிற உடுப்போடு ஒருத்தி கடற்கரையில் தனியே நின்றாள். உடனே மன்னார்க் கரையின் கருவாட்டு மணம் மூக்கில் வந்தது.

மீன்பிடிக்கப் போன என்ர அப்பா திரும்பி வரவில்லை. அம்மா பின்னேரங்களில் அதே நிறச் சேலையோடு கரையில் நிற்பா. அப்பாவின் அக்கா ஏசுவா.

"வெள்ளை உடுக்காமல் கலியாண வீட்டுக்கே போறாய்?"

"ஓம் மச்சாள். தூரத்திலை வாற மனுசனுக்கு என்னைத் தெரிய வேண்டாமோ?"

படம் முடிய உங்கட அக்கா என்னைக் கேட்டா: "விளங்கேல்லை எண்டியள், பிறகேன் அப்பா அழுறியள்?"

அம்மா செத்தபோது விசா இல்லாததால் என்னால் போக ஏலவில்லை. ஒரு போட்டோதான் வந்தது. அம்மாவுக்கு வெள்ளைச் சேலை உடுத்திப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள்.

அந்த வெள்ளையில் என்ர அப்பா அவவை எப்படிக் கண்டுபிடித்திருப்பார்?