குப்பைன்னு எரிச்ச இலைப் பைகள்

நான் தையல்காரி. மண்ணைப் பத்தியும் மரத்தைப் பத்தியும் எனக்கு ஒரு எழவும் தெரியாது. ஆனா என் அக்காவோட ஆராய்ச்சிக்கு வலைப் பை தைச்சுக் கொடுத்தவ நான்தான். அதனால இதைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கு.

அக்கா படிச்சது பயிரோட மரத்தையும் சேர்த்து வளர்க்கற படிப்பு. காப்பிச் செடிக்கு நிழல் கொடுக்கற மரம் எது, அதோட இலை விழுந்து எவ்வளவு சீக்கிரம் மக்கி உரமாகுதுன்னு பார்க்கணும். கல்யாண முருங்கை இலை சட்டுனு மக்கிடும், பலா இலை லேசுல அசைஞ்சு கொடுக்காதுன்னு எந்நேரமும் இதே பேச்சு. பல் டாக்டர்கிட்ட வாயைத் திறந்து வெச்சுக்கிட்டே சருகைப் பத்திப் பேசினவ அவ. நைலான் வலைப் பைக்குள்ள சருகை எடைபோட்டு அடைச்சு மரத்தடியில போட்டுடுவா. மழைக்காலம் முழுக்க அது அங்கேயே கிடக்கும். அப்பப்போ சிலதை மட்டும் எடுத்துக் காயவெச்சு, எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்ப்பா.

கடைசித் தவணைப் பைகள்தான் பாக்கி. அதை எடுத்துட்டா படிப்பு முடிஞ்சது. அந்த நேரம் பார்த்தா காலேஜ் பண்ணையைப் பார்வையிட ஒரு குழு வரணும்? அவளோட வழிகாட்டிப் பேராசிரியர், பண்ணை முழுக்கப் பெருக்கச் சொல்லிட்டார்.

"சார், என் பாத்தியை மட்டும் விட்டுடுங்க"ன்னு அக்கா நேர்ல போய்க் கேட்டா.

"வர்றவங்க கண்ணுக்கு அசிங்கமா இருக்கும்மா. ஒரு ஓரமா எடுத்து வெக்கச் சொல்றேன்"னார்.

ஓரமா எடுத்து வெச்சா அதுக்குப் பேர் ஆராய்ச்சியா? மரத்தடி மண்ணுல கிடக்காம இலை எப்படி மக்கும்? வகுப்புல இதைத்தானே பாடமா நடத்தறார் அந்த மனுஷன்? நினைச்சா எனக்கு இப்பவும் பத்திக்கிட்டு வருது.

மறுநாள் அக்கா போனப்போ மரத்தடி துடைச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. அடிமரத்துக்கெல்லாம் சுண்ணாம்பு வேற. கொட்டகைக்குப் பின்னால பைகள் எரிஞ்சு, நைலான் உருகித் தரையோட ஒட்டிக் கிடந்துச்சு.

"மறுபடியும் போட்டுக்கலாமே"ன்னார் பேராசிரியர், ஏதோ டம்ளர் கவுந்து தண்ணி கொட்டின மாதிரி. இன்னொரு மழைக்குக் காத்திருக்கணும்னா கால நீட்டிப்பு வேணும். அதுக்கும் அவர்தான் பரிந்துரைக்கணும். அதனால அக்கா வாயை மூடிக்கிட்டா. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேள்வி கேட்க நான் கிளம்பினேன். கையைப் பிடிச்சு உட்கார வெச்சுட்டா.

குழு வந்துச்சு. அந்தப் பெருக்கின தரையில நின்னுக்கிட்டே பேராசிரியர், சருகு இல்லைன்னா மண்ணுக்கு உயிரே இல்லைன்னு முழங்கினாராம். வெட்கமாவது மானமாவது. குழுவுல இருந்த ஒரு அம்மா, "அறிக்கையில எழுதியிருந்த அந்த இலைப் பைகளைக் காட்டுங்களேன்"னு கேட்டுட்டாங்க. இவர் உடனே, துடைப்பத்தோட ஓரமா நின்னுட்டிருந்த ரெண்டு பொம்பளைங்களைக் கை காட்டினார்.

"இவங்க தெரியாம எரிச்சுட்டாங்க மேடம். இன்னையோட வேலையை விட்டு நிறுத்திடறேன்."

அந்த ரெண்டு பேருக்கும் முகம் செத்துப் போச்சாம். அங்கேயே நின்ன அக்கா தன் நீட்டிப்பை நினைச்சுப் பார்த்திருப்பா. பார்க்காம இருப்பாளா?

"அவங்க மேல தப்பில்ல சார். நீங்க சொல்லித்தான் பெருக்கினாங்க. என் பாத்தியை விடச் சொல்லிக் கேட்டேன், நீங்கதான் விடல"ன்னா.

கேட்ட அந்த அம்மா ஒரு தலையாட்டலோட அடுத்த பாத்திக்கு நகர்ந்துட்டாங்களாம். அந்த ரெண்டு பேர் வேலை தப்பிச்சுது. அக்காவுக்கு நீட்டிப்பு கிடைக்கல. பெரியவங்களை மதிக்கத் தெரியலைன்னு காரணம் சொல்லிட்டார். பட்டமும் போச்சு.

நீட்டிப்பு இல்லைன்னு தெரிஞ்ச அன்னைக்கு அவ வீட்டுக்கு வந்து செருப்பைக் கூடக் கழட்டாம உட்கார்ந்திருந்தா. எனக்கு மனசு ஆறல.

"அந்தக் குழுவாவது ஏதாவது எழுதினாங்களாக்கா?"ன்னு கேட்டேன்.

"எழுதியிருக்காங்க. பண்ணை ரொம்பச் சுத்தமா இருக்காம்"னா.