போன் வீட்டில்தான் கிடந்தது

காதில் மாட்டிய இயர்போனில் பாட்டு ஓடினால்தான் தேயிலைக் கொழுந்து எடுக்க எனக்குக் கை வரும். பக்கத்து நிரையில் எடுக்கும் செல்வி அக்கா, "சத்தத்தக் கொறைடி" என்று தினமும் கத்துவார். எனக்கு எரிச்சலாக வரும். இன்னும் கூட்டி வைப்பேன். மாலையில் காது இரைந்தால், குளிர் என்று பஞ்சு வைத்துக்கொள்வேன்.

ஒருநாள் மலையில் குளவிக்கூடு கலைந்தது. எல்லோரும் கத்திக்கொண்டு ஓடியிருக்கிறார்கள். நான் மட்டும் குனிந்து கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்தேன். ஓடிய அக்கா திரும்பி வந்து, தன் இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து என் தலையில் போட்டு இழுத்துக்கொண்டு ஓடினார். அவர் முகமெல்லாம் குளவி கொட்டிவிட்டது.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் வீங்கிக் கிடந்தும் ஏசினார். "அந்தச் சனியனக் காதுலருந்து கழட்டுன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"போனு லயத்து வீட்டுல சார்ஜ்ல கெடக்குதுக்கா. இன்னைக்கி கொண்டே வரல."

அக்கா ஏசுவதை நிறுத்திவிட்டார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

போன கேட்கும் திறன் திரும்பாது, இருப்பதையாவது காப்பாற்று என்றார் காது டாக்டர். இப்போது மலைக்குப் போனைக் கொண்டுபோவதில்லை. அக்கா இன்றும் பக்கத்து நிரையிலிருந்து கத்துகிறார், எனக்குக் கேட்க வேண்டுமே என்று. ஒவ்வொரு தடவையும் எனக்கு என்மேல்தான் பற்றிக்கொண்டு வருகிறது.