ஆயாம்மாவின் மேல் நான் சொன்ன பொய்

நான் பொய் சொன்னேன். என் மகளைப் பேசவிடாமல் மிரட்டுகிறாள் என்று, அவளோடு பேசிய ஒரே மனுஷியின் மேல் பழி போட்டேன்... என்னை நீங்கள் என்னவாக வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீடு சேலையூரில். நான் குரோம்பேட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். கணவருக்கு மென்பொருள் வேலை. மகள் வர்ஷாவுக்கு மூன்றரை வயதாகியும் வீட்டில் நாலு வார்த்தைக்கு மேல் பேச்சு வரவில்லை.

நல்ல மழலையர் பள்ளி என்று விசாரித்துத்தானே சேர்த்தோம்? பிறகு ஏன்? என் சந்தேகம் முழுக்க அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட ஆயா கன்னியம்மாள் மேல் விழுந்தது. ஏழாவதோடு படிப்பை விட்டவள். மாலையில் நான் போய் நின்றதும் சட்டென்று பேச்சை நிறுத்திக்கொள்வாள். எதை மறைக்கிறாள்?

பழைய செல்போனில் பதிவை ஓடவிட்டு, மகளின் பைக்குள் ஒளித்து அனுப்பினேன். மறுநாள் சனிக்கிழமை காலை, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். அதட்டல் வரும் என்று காத்திருந்தேன்... வந்தது என் மகளின் குரல்! பூனையைப் பற்றி, மழையைப் பற்றி, ஒற்றைச் செருப்பு தொலைந்ததைப் பற்றி ஓயாமல் பேசினாள். கன்னியம்மாள் ஒவ்வொன்றுக்கும் “அப்பால?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பிறகு, “வூட்ல உன்னாண்ட யாரு கண்ணு பேசுவாங்க?” என்றாள்.

“யாரும் இல்ல ஆயாம்மா. அம்மா லேப்டாப்ல கீது.”

பதிவை அழித்தேன்.

பிள்ளையின் பாஷை கெடுகிறது என்று புகார் செய்திருந்தால் அதில் பாதியாவது உண்மை இருந்திருக்கும். என்னைச் சுட்டது பாஷையா? இல்லை...

திங்கட்கிழமை பள்ளியை நடத்தும் அம்மையாரைப் பார்த்தேன். “வாயத் தொறக்கக் கூடாதுன்னு ஆயாம்மா மிரட்டுறாங்க மேடம். அதான் வர்ஷா வீட்லகூட பேசவே மாட்டேங்குறா,” என்றேன். கல்லூரியில் பாடம் நடத்துகிறவள் சொன்னால் நம்பமாட்டார்களா? கன்னியம்மாளிடம் ஒரு வார்த்தைகூட விசாரிக்கவில்லை. அன்று மாலையே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

வாசலில் என்னைப் பார்த்து, “நான் இன்னா தப்புக்கா பண்ணேன்?” என்று கேட்டாள். நான் வண்டியைக் கிளப்பினேன்.

அதன்பின் வர்ஷா பள்ளியிலும் பேச்சை விட்டுவிட்டாள். இப்போது ஐந்து வயது. தாம்பரத்தில் பேச்சுப் பயிற்சிக்கு அழைத்துப்போகிறேன். சென்ற வாரம் பயிற்சியாளர் கேட்டார்: “இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது நல்லா பேசிட்டிருந்தாளா?”

“இல்ல,” என்றேன்.

வர்ஷா தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளுக்கு நினைவிருக்கிறதா? அன்றிலிருந்து அவள் உதடு அசையும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கிறது.