பச்சையாய் வந்த நீல நூல்

சாயம் விற்பவன் பெண் பார்க்கப் போனால் கறை படிந்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டுதான் உட்கார வேண்டும். ஊர் ஊராக எதையாவது விற்றுப் பிழைத்தவர்களே, உங்களுக்குப் புரியும்.

மஞ்சள் தொட்டி

எழுபதுகளின் கடைசி. மூன்று மாதத்துக்குள் ஒரு சாயப் பட்டறையையாவது பிடிக்காவிட்டால் வீட்டுக்குப் போகலாம் என்று எங்கள் சாயக் கம்பெனியின் வேலூர் மேனேஜர் சொல்லிவிட்டார். கடைசி வாரத்தில்தான் குடியாத்தத்தில் பட்டறை வைத்திருந்த முருகேசன் சிக்கினார். ஆம்பூர் லுங்கி வியாபாரியான பாய் ஒருவருக்கு ரம்ஜான் சரக்குக்காக நீல நூல் வேண்டுமாம். தொட்டியில் காஸ்டிக் சோடாவும், நிறம் நீக்கும் ஹைட்ரோஸ் உப்பும் போட்டுச் சாயத்தைக் கலக்கினேன். நீலம் போய் மஞ்சளாகிவிட்டது. முருகேசன் எட்டிப் பார்த்தார்.

"நீலம்னு சொல்லி பசு மூத்திரத்த வித்துட்டியே, தம்பி!"

சுவிட்ச்

பயப்படாதீர்கள் என்றேன். ஹைட்ரோஸ் பட்டால் சாயத்தின் மூலக்கூறு, விளக்கை அணைப்பதுபோல் நிறத்தை அணைத்துவிட்டுத் தண்ணீரில் கரையும், நூலுக்குள் நுழையும். வெளியே எடுத்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த விளக்கை மறுபடி ஏற்றிவிடும். அப்புறம் நூலை விட்டு நகராது. ஒரு சிட்டம் நூலை முக்கி மூங்கிலில் மாட்டினேன். பேசிக்கொண்டிருக்கும்போதே மஞ்சள் பச்சையாகி, பச்சை நீலமானது.

"எங்க தெருவுல பாதி நாள் கரண்டே இல்ல. இது மட்டும் இன்னா கரெக்டா எரியுது!"

கோணிக்குள்ளே

மறுநாள் மதியம் மறுபடி போனேன். அவர்கள் காலையில் முக்கி எடுத்த சிட்டங்கள் ஓரத்தில் நீலம், நடுவில் பச்சை. நாலு மணிக்குப் பாய் வருகிறார். என் வேலை போயே போச்சு! பிறகுதான் பார்த்தேன், நூலை எடுத்த கையோடு குவித்து ஈரக் கோணியால் இறுக மூடியிருந்தார் முருகேசனின் மனைவி தனக்கோடி. காற்று எங்கிருந்து படும்?

"புது நிறத்துல ஊர் கண்ணு படக்கூடாது தம்பி. எப்பவும் மூடித்தான் வைப்போம்."

திருஷ்டிக்கு மருந்து

நிறத்தை ஒருமுறை முழுதாக அணைத்துத் திரும்ப ஏற்றலாமே! எல்லாச் சிட்டத்தையும் மறுபடி தொட்டியில் முக்கி, திட்டெல்லாம் அணைந்து ஒரே மஞ்சளானதும் எடுத்தோம். உதறி வெளியே கட்டப் போனால் தனக்கோடி அக்கா வழிமறித்தார். திறந்து போட்டால் திருஷ்டிக்கு என்ன வழி? கெஞ்சினேன். கடைசியில் ஒரே ஒரு நிபந்தனையோடு இறங்கி வந்தார்.

"காயற வரைக்கும் நீ வாசல்ல நில்லு. உன் மூஞ்சியப் பாத்தவன் நூலப் பாக்க மாட்டான்."

நாலு மணி

நின்றேன். பாய் வந்தார், ஈரக் கைக்குட்டையால் நூலைத் தேய்த்துப் பார்த்தார். கைக்குட்டையில் சாயம் ஒட்டவில்லை. எனக்கு உயிர் வந்தது.

"பக்கா நீலம், முருகேசா. ஆமா, வாசல்ல மொறச்சினு நிக்கிறானே, யாரு, புது வாட்ச்மேனா?"

அந்த வாரமே என் வேலை நிரந்தரமானது. அது என் கெமிஸ்ட்ரியாலா, என் மூஞ்சியாலா என்று மட்டும் இன்றுவரை நான் யாரிடமும் கேட்டதில்லை.