நோரா ஆன்ட்டிக்கு ஒரு ஒப்பாரி

நேற்று சாயங்காலம், பெண் பார்க்கப் போன வீட்டில் என் அம்மா ஒப்பாரி பாடிவிட்டார்!

(சத்தியமாக. முழுசாகப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.)

பெண் மோரின். குரோம்பேட்டையில் ஆபீஸ் வேலை. ஆறு வருடக் காதல். அவளுடைய முன்னோர் ஒருவர் அயர்லாந்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்து, அப்படியே தாம்பரத்தில் தங்கிவிட்டவர். அப்பா டெஸ்மண்ட் அங்கிள் ரிட்டயர்டு ரயில் டிரைவர். மார்ச் மாதம் அயர்லாந்துக்காரர்களின் புனித பேட்ரிக் திருநாள் வந்தால் போதும், வீடு முழுக்கப் பச்சைத் தோரணம், பிடில், பாட்டு, மட்டன் பிரியாணி. (அயர்லாந்தில் பிரியாணி உண்டா என்று கேட்காதீர்கள். நானும் கேட்கவில்லை.)

நான் திருமுடிவாக்கத்தில் லேத் ஆபரேட்டர். விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "சாதி வேற, மதம் வேறன்னு வந்து நிப்பன்னு பாத்தா, தேசமே வேறன்ற?" என்றார்.

ரொம்பக் கெஞ்சிய பிறகு, "வந்து பாக்குறேன். புடிக்கலன்னா எழுந்து வந்துகினே இருப்பேன்" என்று கிளம்பினார். அவர் சம்மதிக்காமல் கல்யாணம் இல்லை என்று நானும் மோரினும் முன்பே பேசி வைத்திருந்தோம்.

நேற்றுதான் அந்தத் திருநாள். அந்த வீட்டில் ஒரு வழக்கம். அன்றைக்கு யார் வந்தாலும் ஒரு ஐட்டம் கொடுக்க வேண்டும். பாட்டு, ஜோக், எதுவானாலும் சரி. கொடுக்காதவருக்குச் சாப்பாடு கிடையாது!

முதலில் நான் பாடினேன். (பாடினேன் என்று நான்தான் சொல்கிறேன்.)

டெஸ்மண்ட் அங்கிள் எழுந்து கை தட்டினார். "சூப்பர் வாய்ஸ் மேன்! பல்லாவரத்துல நான் பிரேக் போட்டா இதே சவுண்டுதான் வரும்!"

வீடே சிரித்தது. அம்மா முகம் சிவந்துவிட்டது.

"எம்புள்ளய வூட்டுக்குக் கூப்ட்டு நக்கல் பண்றாரா?" என்று பையைத் தூக்கிவிட்டார்.

மோரின் ஓடி வந்து அவர் கையைப் பிடித்தாள். "ஆன்ட்டி, பிடிக்காதவங்கள டாடி கிண்டலே பண்ண மாட்டாரு. 'வெரி நைஸ்'னு சொல்லி அனுப்பிடுவாரு!"

அம்மா பாதி மனசோடு உட்கார்ந்தார்.

நேரம் பார்த்து அங்கிள், "நெக்ஸ்ட்டு, அம்மா டர்ன்!" என்றார்.

"எனக்குத் தெரிஞ்சது ஒரே பாட்டுதான் சார். அத நல்ல காரியத்துல பாடக்கூடாது."

"அது என்னா பாட்டு மேன்?" என்று என்னைப் பார்த்தார்.

"ஒப்பாரி அங்கிள். எங்க ஏரியாவுல துக்கம்னா மொதல்ல அம்மாவத்தான் கூப்பிடுவாங்க."

போச்சு, முடிந்தது கதை என்று நினைத்தேன்.

அவர் கையிலிருந்த பிடிலைக் கீழே வைத்தார். "என் ஒய்ஃப் நோரா சாகறப்ப ஆர்டர் போட்டுட்டுப் போனாம்மா. ஒருத்தரும் அழக்கூடாது, ஜோக்கு சொல்லணும்னு. மூணு வருசமா சொல்லிட்டே இருக்கோம். இன்னிக்கு அவளுக்குப் பாடுறீங்களா?"

அம்மா புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு விசாரணையை ஆரம்பித்தார். விவரம் தெரியாமல் அவர் பாடவே மாட்டார்.

"இன்னா பண்ணுவாங்க?"

"பிடில் வாசிப்பா."

"நல்லா சமைப்பாங்களா?"

"ஐயோ! எல்லாத்தையும் கருக்கிடுவா!"

"நீங்க இன்னா பண்ணுவீங்க?"

"நல்லாருக்குன்னு சொல்லிச் சாப்பிடுவேன்."

அவ்வளவுதான். அம்மா தரையில் உட்கார்ந்து குரலை எடுத்தார்.

"பிடிலெடுத்து நீ இழுத்தா
தெருவே ஆடுமம்மா
அடுப்பேத்தி நீ வச்சா
அத்தனையும் கருகுமம்மா
கருகின சோத்துக்குக்
காத்துகினு ஒரு மனுசன்
ஒத்தையில ஒக்காந்திருந்தா
ஒன்ன எங்க தேடுவான்!"

நாலாவது வரியில் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கடைசி வரியில் அங்கிள் உடைந்து அழுதார். மோரின் அவரைக் கட்டிக்கொண்டாள்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் சொன்ன முதல் வார்த்தை: "ஒன்ஸ் மோர்!"

"யோவ்! ஒப்பாரிக்குப் போயி எவனாச்சும் ஒன்ஸ் மோர் கேப்பானா?" என்று அம்மா திட்டினார். திட்டிவிட்டு இன்னொரு முறை பாடினார்!

ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பினோம். வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் அம்மா சொன்னார். "மூணு வருசமா அழுகைய முழுங்கிகினு கீறாரு அந்த மனுசன். நல்ல ஜனங்கடா. தேதி பாக்கச் சொல்லு."

நான் அங்கேயே ஒரு குத்தாட்டம் போட்டேன்.

இன்று காலை அங்கிள் போன் செய்தார். கல்யாண ரிசப்ஷனில் அம்மாவின் ஒப்பாரி கண்டிப்பாக வேண்டுமாம்!

அம்மா போனைப் பிடுங்கினார். "கல்யாணத்துல வாயத் தொறக்க மாட்டேன் சம்பந்தி. வேணும்னா நீங்க போனா பாடுறேன், ஊரே திரும்பிப் பாக்குற மாதிரி!"

என் கையில் இருந்த டீ கொட்டிவிட்டது. ஆறு வருடக் காதல் ஒரே வரியில் காலி!

அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவே இல்லை. கடைசியில் மூச்சு வாங்கிக்கொண்டு அங்கிள் சொன்னார்:

"அப்ப எப்பிடிம்மா நான் கேக்குறது? இந்த சண்டே வந்து ஒரு ரிகர்சல் பாத்துடலாம்!"