சோபாவின் இடது ஓரம்

இது நடந்தது. கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம், எனக்கொன்றும் வருத்தமில்லை. நான் சொல்லப்போகும் நேரமெல்லாம் ஒரு லேப்டாப்பில் பதிவாகியிருக்கிறது. மணி, நிமிஷம், நொடி முதற்கொண்டு. என் கண்ணாலேயே இரண்டு முறை பார்த்தேன். மூன்றாவது முறை பார்க்கச் சொன்னபோது, ஆளை விடுங்கள் என்று சொல்லிவிட்டேன்.

நடந்தது எனக்கு இல்லை. என்னோடு பதினாறு வருஷமாக ஒரே கம்பெனியில் லிஃப்ட் ரிப்பேர் பார்க்கும் ஒருவருக்கு. சட்டைப் பையில் எப்போதும் இன்ச் டேப் வைத்திருப்பார், அதனால் நாங்கள் அவரை டேப் என்றே கூப்பிடுவோம். வேலையில் கெட்டிக்காரர்தான். ஆனால் கோபம் மூக்கு நுனியிலேயே குடியிருக்கும். அதுவும் வந்தோமா போனோமா என்று போகிற கோபம் இல்லை. ஒருவர்மேல் வந்துவிட்டால் வருஷக்கணக்கில் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்வார். அந்த மனுஷர்மேல் எனக்கு இன்றுவரை ஆத்திரம் தீரவில்லை, அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

டேப்புக்கு ஒரே ஒரு பைத்தியம், ஹோம் தியேட்டர். வீட்டில் ஒரு அறையை அதற்கென்றே ஒதுக்கியிருந்தார். முன்னால் மூன்று ஸ்பீக்கர், பக்கவாட்டில் இரண்டு, பின்னால் இரண்டு, மூலையில் தரையையே அதிர வைக்கும் சப்வூஃபர் ஒன்று. எல்லாவற்றையும் அவரும் அவருடைய மச்சானும் சேர்ந்துதான் செய்தார்கள். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். தச்சு வேலை செய்பவர், சப்வூஃபர் பெட்டியை அறுத்து ஒட்டியதே அவர்தான். இவர் இன்ச் டேப்பை வைத்து அளந்து ஸ்பீக்கரை நகர்த்துவார். அவர் சோபாவின் இடது ஓரத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக் கேட்பார். பிடிக்கவில்லை என்றால் நாக்கால் 'ப்ச்' என்று ஒரு சத்தம். அவ்வளவுதான், திரும்ப எல்லாவற்றையும் நகர்த்த வேண்டும். ஞாயிற்றுக்கிழமை முழுக்க இதே கூத்து. சாப்பிடக் கூப்பிட்டால் மட்டும் இரண்டு பேருக்குமே காது கேட்காது.

எட்டு மாதத்துக்கு முன்னால் சண்டை வந்தது. எங்கள் கம்பெனி ஆட்கள் நாலு பேர் படம் பார்க்கப் போயிருந்தோம். சப்வூஃபரை எந்த மூலையில் வைப்பது என்று பேச்சு வந்தபோது மச்சான் விளையாட்டாக, எங்க மாப்பிள்ளைக்கு அளக்கத் தெரியும், கேக்கத்தான் தெரியாது என்று சொல்லிவிட்டார். நாங்களும் சிரித்துத் தொலைத்தோம். டேப்பின் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. அன்றோடு பேச்சு வார்த்தை நின்றது. அதற்கப்புறம் மச்சான் இரண்டு முறை வாசல்வரை வந்தார், இவர் கதவைத் திறக்கவில்லை. மனைவி கெஞ்சிப் பார்த்தார், அழுது பார்த்தார், இரண்டு நாள் பட்டினிகூடக் கிடந்து பார்த்தார். ம்ஹூம், ஆள் அசையவில்லை.

அதோடாவது விட்டாரா என்றால் அதுவும் இல்லை. அந்த அறையில் மச்சான் கைபட்ட எதுவுமே இருக்கக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்றார். பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டுப் புது சப்வூஃபர் வாங்கினார். புது ஆம்ப்ளிஃபையர் வாங்கினார். மச்சான் காதால் கேட்டுக் கேட்டு வைத்த பழைய செட்டிங் எல்லாம் அழிந்தது. இனி அறையை முதலிலிருந்து அளந்து ட்யூன் செய்ய வேண்டும்.

அது எப்படியென்றால், ஆம்ப்ளிஃபையரோடு கட்டைவிரல் அளவு மைக் ஒன்று வரும். அதை ஸ்டாண்டில் மாட்டி, ஆள் உட்கார்ந்தால் காது எங்கே இருக்குமோ அங்கே நிறுத்த வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கரும் 'வ்வ்வூய்ய்ங்' என்று ஒரு தடவை ஊளையிடும். மைக் அதைக் கேட்டு லேப்டாப்பில் கோடு போட்டுக் காட்டும். இப்படி அறையில் எட்டு இடத்தில் அளக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் ஈ காக்கை இருக்கக் கூடாது. கொஞ்சம் சத்தம் வந்தாலும் மெஷின் முடியாது என்று நின்றுவிடும்.

அந்த வாரம் மச்சான் ஆஸ்பத்திரியில் இருந்தார். வயிற்றில் ஆபரேஷன். நல்லபடியாக முடிந்து, திங்கட்கிழமை வீட்டுக்குப் போகலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். மச்சான் தங்கையிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான், மாப்பிள்ளை ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போகட்டும் என்று. சனிக்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டே மனைவி மறுபடியும் ஆரம்பித்தார்.

"ஒரு அஞ்சு நிமிஷம் வாங்க. பேசக்கூட வேணாம். சும்மா வந்து நில்லுங்க, போதும்."

"நீயும் பொண்ணும் போங்க. சாயங்காலம் வரைக்கும் வராதீங்க. எனக்கு வீடு அமைதியா வேணும்."

 மனைவி மகள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். போகும்போது கதவைப் படாரென்று அறைந்துவிட்டுப் போனாள் என்று டேப் என்னிடம் குறைபட்டுக்கொண்டார். எனக்கும் அறைய வேண்டும் போலத்தான் இருந்தது, கதவை இல்லை.

மொபைல் அடித்துக் காரியத்தைக் கெடுக்கக் கூடாது என்று அதை சைலன்ட்டில் போட்டு, சமையலறை டிராயருக்குள் தள்ளினார்.

பகல் மணி 1.10. முதல் இடம், சோபாவின் நடு. 'வ்வ்வூய்ய்ங்...' ஏழு ஸ்பீக்கரும் சப்வூஃபரும் வரிசையாக ஊளையிட்டு முடித்தன. லேப்டாப்பில் பச்சை டிக் விழுந்தது. 1.18க்கு இரண்டாவது இடம், அதுவும் சரி. 1.26க்கு மனைவி உட்காரும் வலது ஓரம், அதுவும் சரி.

1.34. நான்காவது இடம். சோபாவின் இடது ஓரம்.

திரையில் சிவப்பு எழுத்து வந்தது. 'அறையில் சத்தம் அதிகம். அமைதியாக இருக்கவும்.'

டேப் சுற்றிப் பார்த்தார். ஏசி ஏற்கெனவே ஆஃப். ஃபேனும் ஆஃப். ஃப்ரிட்ஜாக இருக்கும் என்று போய் அதன் பிளக்கைப் பிடுங்கினார். சுவர்க் கடிகாரத்தின் பேட்டரியைக் கழற்றினார். ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தார். வெயில்தான் இருந்தது, ஆள் நடமாட்டமே இல்லை.

1.47. மறுபடி பட்டனை அழுத்தினார். மறுபடி சிவப்பு.

மைக்கை நடு சீட்டுக்கு நகர்த்திப் பார்த்தார். பச்சை. இடது ஓரத்துக்குக் கொண்டு வந்தார். சிவப்பு. கோபம் தலைக்கேறியது. புது மெஷினை விற்ற கடைக்காரரைத் திட்டினார். மெஷினைச் செய்தவனைத் திட்டினார். பிறகு, எட்டு மாதமாகக் கூப்பிடாத பேரைச் சொல்லி, அவன் உட்கார்ந்து உட்கார்ந்து இந்த சீட்டே விளங்காமல் போய்விட்டது என்று மச்சானையும் திட்டினார்.

2.06. இந்த முறை மெஷின் அளந்துவிட்டது. ஆனால் கோடு சரியில்லை. மற்ற மூன்று இடத்திலும் ஒரே சீராகப் போன கோடு, இங்கே வலது பக்கம் சரிந்து கீழே விழுந்தது.

அது எதனால் என்று டேப்புக்குத் தெரியும். சீட்டில் ஆள் இருந்தால் அப்படித்தான் ஆகும். கோட்டின் வலது பக்கத்தில் வரும் கீச்சுச் சத்தங்களை உடம்பும் சட்டையும் உறிஞ்சிவிடும், மைக்குக்குக் கொஞ்சம்தான் போகும். அதனால்தான் அளக்கும்போது யாரும் உட்காரக் கூடாது என்பார்கள்.

தலையணையை எடுத்து வெளியே எறிந்தார். சோபா விரிப்பை உருவி எறிந்தார். வெறும் ரெக்ஸின் சீட்.

2.17. அதே கோடு.

2.21. அதே கோடு.

பயம் வந்தால் சிலருக்குக் கை நடுங்கும். டேப்புக்குப் பல் நறநறக்கும். அந்த மைக்குக்கு அப்படி என்னதான் கேட்கிறது, பார்த்துவிடலாம் என்று ஹெட்ஃபோனை லேப்டாப்பில் சொருகினார். கதவருகே நின்றபடி காதில் மாட்டினார்.

2.29.

முதலில் 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும்.

பிறகு அந்த இரைச்சல் ஏறியது... இறங்கியது... ஏறியது... இறங்கியது.

மூச்சு.

டேப் தன் மூச்சை அடக்கிக்கொண்டார். அது அடங்கவில்லை. மைக்குக்கு வெகு பக்கத்தில், சிரமப்பட்டு இழுக்கும் மூச்சு.

ஹெட்ஃபோனைக் கழற்றினார். அறையில் ஒரு சத்தமும் இல்லை.

மாட்டினார். மூச்சு.

2.36. பட்டனை அழுத்தினார். 'வ்வ்வூய்ய்ங்...' என்று முதல் ஸ்பீக்கர் ஊளையிட்டு ஓய்ந்தது.

காதுக்குள், தெளிவாக...

"ப்ச்."

அப்போதுதான் சீட்டைப் பார்த்தார்.

அமுங்கியிருந்தது.

நடு சீட் உப்பியிருந்தது. வலது சீட் உப்பியிருந்தது. இடது ஓரம் மட்டும் ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்குப் பள்ளமாக...

வேறு யாராக இருந்தாலும் தெருவுக்கு ஓடியிருப்பார்கள். ஓடியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். இந்த மனுஷருக்கு அந்த நேரத்திலும் கோபம்தான் வந்தது. எட்டு மாதக் கோபம், மொத்தமாக. ஹெட்ஃபோனைத் தரையில் அடித்தார். தொண்டை நரம்பு புடைக்க, அந்த வெறும் சீட்டைப் பார்த்துக் கத்தினார்.

"எழுந்து போடா! என் வீட்ல உனக்கு என்னடா வேலை? எழுந்து போ!"

2.41.

'ஸ்ஸ்ஸ்ஸ்...' என்று காற்றை இழுத்துக்கொண்டு ரெக்ஸின் மெல்ல மேலே எழும்பியது.

பள்ளம் நிரம்பியது.

அறை அப்படியே இருந்தது.

2.43க்குப் பட்டனை அழுத்தினார். பச்சை டிக். கோடு சீராக, நேராகப் போனது. அடுத்த நாலு இடமும் ஒரு தகராறும் இல்லாமல் முடிந்தன. 3.20க்கு ஒரு படத்தைப் போட்டு நடு சீட்டில் உட்கார்ந்தார். அவ்வளவு சுத்தமான சத்தத்தை அந்த அறையில் அதுவரை கேட்டதில்லையாம். இப்ப யாருக்குடா கேக்கத் தெரியாது என்று இடது பக்கம் திரும்பி வாய்விட்டுக் கேட்டாராம். வெட்கமே இல்லாமல் என்னிடம் இதையும் சொன்னார்.

3.35க்கு டிராயரைத் திறந்து மொபைலை எடுத்தார். பதினான்கு மிஸ்டு கால். எல்லாம் மனைவி. முதல் அழைப்பு 1.31.

ஆஸ்பத்திரி மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறக்கும்போதே மனைவியின் குரல் கேட்டது. அவர் அழுதுகொண்டிருக்கவில்லை. ஒரு நர்ஸைச் சுவரோரமாக நிறுத்தி வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு இருந்தால் அதிகம். நான் எதுவும் சொல்லலைம்மா என்பதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். டேப்பைப் பார்த்ததும் மனைவி அவர் சட்டையைப் பிடித்தார்.

"ஒண்ணரை மணிக்குத் திடீர்னு மூச்சுத் திணறிப்போச்சு. நுரையீரல்ல ரத்தம் கட்டி அடைச்சிடுச்சாம். அப்புறம் நினைவே இல்லை. ஆனா வாய் மட்டும் முணுமுணுத்துக்கிட்டே இருந்துச்சு. 'சத்தம் போடாதீங்க, மாப்பிள்ளை அளக்கறாரு'ன்னு. எத்தனை தடவை கூப்பிட்டேன் உங்களை? எத்தனை தடவை?"

டேப் எதையோ சொல்ல வாயெடுத்தார். மனைவி விடவில்லை.

"ரெண்டு நாப்பத்தொண்ணு. நான் கண்ணாடிக்கு வெளிய நிக்கறேன். உள்ள இவ மட்டும்தான் இருக்கா. எங்க அண்ணன் அலறி அடிச்சுக்கிட்டு எழுந்து உக்காந்தாரு. 'இதோ எழுந்துட்டேன், போயிடறேன், கத்தாதீங்க'ன்னு கையெடுத்துக் கும்பிட்டாரு. கும்பிட்ட கையோட சாஞ்சுட்டாரு."

நர்ஸ், நான் சலைன்தான் மாற்றிக்கொண்டிருந்தேன், வாயே திறக்கவில்லை என்று விசும்பினாள்.

"பொய் சொல்றா. சாகப்போற மனுஷனை மிரட்டியிருக்கா. நீங்க கேளுங்க இவளை. எங்க அண்ணனை எழுந்து போகச் சொன்னது யாருன்னு கேளுங்க."

டேப் கேட்கவில்லை. 

அன்று சாயங்காலமே மனைவி அந்த நர்ஸ் மேல் ஒரு பக்கத்துக்குப் புகார் எழுதிக் கொடுத்தார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அந்தப் பெண்ணை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நேரம் 2.41 என்று அந்தப் புகாரிலும் தெளிவாக இருக்கிறது. கீழே இரண்டு கையெழுத்து. முதல் கையெழுத்து மனைவியுடையது. இரண்டாவது கையெழுத்தை டேப் போட்டிருக்கிறார்.